குறுக்கு இடுகை

குறுக்கு இடுகை என்பது ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட இணையக் கலந்துரையாடல் குழுக்களில் ஒரே சமயத்தில் இடுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது கிராஸ்போஸ்டிங் எனப்படும். யூஸ்நெட் என்னும் செய்திக்குழு வலையமைப்பில் நிலைபெற்ற இச்சொல் பின்னர் மின்னஞ்சல் மடற்குழுக்களுக்கும், இணைய மன்றங்களுக்கும், சமூக வலைத்தளங்களுக்கும் பரவியது. எப்போது குறுக்கு இடுகை இடலாம், எத்தனை குழுக்களுக்கு இடலாம், பதில்களை எங்கே திருப்ப வேண்டும் என்பன பற்றி யூஸ்நெட் பயனர்களிடையே எழுதப்பட்டும் எழுதப்படாமலும் பல நெறிகள் உருவாயின. இவை வெறும் மரியாதை சார்ந்தவை அல்ல. செய்தி எவ்வாறு சேமிக்கப்படுகிறது, வாசகர் அதை எத்தனை முறை காண நேர்கிறது, பதில்கள் எங்கே போய்ச் சேர்கின்றன ஆகியவற்றிலிருந்து பிறந்தவை. ஆதலால் ஓரிடத்தில் நல்ல பழக்கமாகக் கருதப்பட்ட அதே செயல் வேறோர் இடத்தில் தொல்லையாக மாறுவதும் உண்டு.

பின்னணி

யூஸ்நெட் 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரால் திட்டமிடப்பட்டு, 1980 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு மைய வழங்கி என ஒன்று கிடையாது. ஒரு கணினியில் இடப்பட்ட செய்தி அதனோடு தொடர்புடைய அண்டைக் கணினிக்கும், அங்கிருந்து அதற்கடுத்த கணினிக்குமாகப் படியெடுக்கப்பட்டுக் கொண்டே செல்லும். தொடக்க ஆண்டுகளில் இப்பரிமாற்றம் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பு வழியே, கட்டணம் குறைந்த இரவு நேரங்களில் நடைபெற்றது. ஒவ்வொரு செய்திக்காகவும் பல பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தம் வட்டில் இடத்தையும் தொலைபேசிக் கட்டணத்தையும் செலவிட்டன. செய்தியை எழுதியவர் அச்செலவில் மிகச் சிறிய பங்கையே ஏற்றார். இதை நினைவிற் கொண்டால்தான் யூஸ்நெட் நெறிகளின் கடுமை விளங்கும்.

குழுக்கள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1987 இல் நிறைவுற்ற "பெரும் பெயர்மாற்றத்துக்கு"ப் பின்னர் கணினி சார்ந்தவை காம்ப் என்றும், பொழுதுபோக்கு சார்ந்தவை ரெக் என்றும், சமூகமும் பண்பாடும் சார்ந்தவை சாக் என்றும் தொடங்கும் பெயர்களைப் பெற்றன. இத்தகைய பிரிவினை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், சில கேள்விகள் இரு பிரிவுகளுக்கு நடுவே விழுந்துவிடும். லினக்சு இயங்குதளத்தில் அச்சுப்பொறி இயங்காத ஒருவர் லினக்சு வன்பொருள் குழுவில் கேட்பதா, அச்சுப்பொறிக் குழுவில் கேட்பதா? இரண்டிலும் அவருக்கு உதவக் கூடியவர்கள் இருக்கலாம். குறுக்கு இடுகை வசதி இத்தகைய நிலைக்காகவே அமைந்தது.

குறுக்கு இடுகையும் தனித்தனி இடுகையும்

ஒரே செய்தியை இரு குழுக்களுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. செய்தியின் தலைப்புவரிகளில், குழுப் பெயர்களுக்கான வரியில் இரு பெயர்களையும் காற்புள்ளியிட்டு எழுதி ஒருமுறை அனுப்புவது முதல் வழி. இதுவே குறுக்கு இடுகை. ஒரு குழுவுக்கு அனுப்பிய பின், அதே உரையை மீண்டும் ஒட்டி மற்றக் குழுவுக்கு வேறொரு செய்தியாக அனுப்புவது இரண்டாம் வழி. இதை மல்டிபோஸ்டிங் என்பர். இக்கட்டுரையில் இது தனித்தனி இடுகை எனப்படுகிறது. புதிய பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கும் வாசகருக்கும் அவை முற்றிலும் வேறானவை.

யூஸ்நெட்டில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்துவமான ஓர் அடையாள எண் உண்டு. குறுக்கு இடுகை எத்தனை குழுக்களுக்குச் சென்றாலும் அதன் அடையாளம் ஒன்றே. மரபான வழங்கிகளில் ஒவ்வொரு குழுவும் ஓர் அடைவாகவும், ஒவ்வொரு செய்தியும் அதனுள் எண்ணிடப்பட்ட ஒரு கோப்பாகவும் வைக்கப்பட்டிருக்கும். குறுக்கு இடுகையாக வந்த செய்தி வட்டில் ஒருமுறையே எழுதப்படும். மற்றக் குழுக்களின் அடைவுகளில் அதே கோப்பைச் சுட்டும் இணைப்புகள் மட்டுமே உருவாக்கப்படும். ஐந்து குழுக்களில் தோன்றும் செய்தி ஒரு செய்தியின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. வழங்கிகளுக்கிடையே அது பயணம் செய்வதும் ஒருமுறைதான். தனித்தனி இடுகையோ ஐந்து கோப்புகள், ஐந்து பயணங்கள்.

வாசகர் பக்கத்தில் கிடைக்கும் பயன் இதைவிடப் பெரிது. வழங்கி ஒவ்வொரு குறுக்கு இடுகையிலும் எக்ஸ்ரெஃப் எனப்படும் தலைப்புவரியைச் சேர்த்து, அச்செய்தி எந்தெந்தக் குழுவில் எந்தெந்த எண்ணில் உள்ளது என்று குறித்து வைக்கும். படிப்பான் மென்பொருள் இதைப் பயன்படுத்தி, ஒரு குழுவில் படித்த செய்தியை மற்றக் குழுக்களிலும் "படித்தது" என அடையாளமிடும். ஆகவே இரு குழுக்களையும் படிப்பவர் அச்செய்தியை ஒருமுறையே காண்பார். தனித்தனி இடுகையில் இது இயலாது. மென்பொருளைப் பொறுத்தவரை அவை தொடர்பற்ற இரு செய்திகள்.

இனி, மேற்கூறிய அச்சுப்பொறிக் கேள்வி தனித்தனியாக இடப்பட்டதென்று கொள்வோம். அச்சுப்பொறிக் குழுவில் ஒருவர் ஒரு மணி நேரத்திலேயே சரியான விடையைத் தருகிறார். லினக்சுக் குழுவில் இருப்போருக்கு அது தெரியாது. அவர்களுள் மூவர் கையேடுகளைப் புரட்டி, தம் கணினியில் சோதித்துப் பார்த்து, அன்றிரவு நீண்ட பதில்களை எழுதுகின்றனர். கேட்டவரோ விடை கிடைத்ததும் போய்விட்டார். இம்மூவரும் கூலி பெறாதவர்கள். தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்தவர்கள். அடுத்த ஆண்டு அதே சிக்கலுடன் பழைய செய்திகளைத் தேடி வருபவர் லினக்சுக் குழுவில் உள்ள அரைகுறை உரையாடலை மட்டும் கண்டு திரும்பவும் கூடும். குறுக்கு இடுகையாக இருந்திருப்பின் முதல் பதிலே இரு குழுக்களிலும் தோன்றியிருக்கும். யூஸ்நெட் நெறிகள் தனித்தனி இடுகையைக் குற்றமாகவும், குறுக்கு இடுகையை அளவோடு ஏற்கத் தக்கதாகவும் கொண்டதற்குக் காரணம் இதுவே.

இடுவோர் கடைப்பிடிக்கும் நெறிகள்

செய்திக்கு உண்மையில் தொடர்புடைய குழுக்களை மட்டும் தேர்ந்தெடுப்பது முதல் நெறி. இரண்டு அல்லது மூன்று குழுக்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் போகும்போது, எழுதியவர் எந்தக் குழுவையும் படித்துப் பார்க்கவில்லை என்ற ஐயம் வாசகருக்கு எழுந்துவிடும். பெரும்பாலும் அந்த ஐயம் சரியாகவே இருக்கும். யூஸ்நெட்டின் தொடக்ககால வழிகாட்டிகளுள் ஒன்றான சக் வான் ராஸ்பாக்கின் புதியவர்களுக்கான அறிமுக உரையும் இதையே வலியுறுத்துகிறது. பல படிகளாக இடுவது வாசகரை எரிச்சலூட்டும் என்றும், பொருத்தமான சில குழுக்களுக்குக் குறுக்கு இடுகை செய்வதில் தவறில்லை என்றும், அதிலும் அடக்கம் நல்லது என்றும் அது கூறுகிறது. இதே அறிவுரையைத் தலைகீழாகச் சொல்லிக் கேலி செய்வது பிராட் டெம்பிள்டன் எழுதிய "எமிலி போஸ்ட்நியூஸ்" என்னும் கற்பனை அறிவுரைப் பகுதி. புதியவர்கள் பலர் நெறிகளை நேரடி வழிகாட்டிகளைவிட இந்தக் கேலியின் வழியாகவே கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது நெறி தொடர்பதில்களைப் பற்றியது. குறுக்கு இடுகையின் உண்மையான சிக்கலும் இங்கேதான் உள்ளது. வேறு ஏற்பாடு இல்லாவிடில், குறுக்கு இடுகைக்கு எழுதப்படும் பதிலும் அதே குழுக்கள் அனைத்துக்கும் செல்லும். முதற்செய்தி நான்கு குழுக்களுக்கும் பொருந்தியிருக்கலாம். பத்தாவது பதிலில் பேச்சு ஒரு குழுவின் உட்பொருளுக்குத் திரும்பிய பின்னும் மற்ற மூன்று குழுக்களும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கவே ஃபாலோஅப்-டூ என்னும் தலைப்புவரி ஏற்படுத்தப்பட்டது. அதில் ஒரு குழுவின் பெயரை எழுதிவிட்டால், செய்தி நான்கு குழுக்களில் தோன்றினாலும் பதில்கள் அந்த ஒரு குழுவுக்கே செல்லும். அறிவிப்பு எல்லா இடங்களிலும், உரையாடல் ஓரிடத்தில் என்பது இதன் கருத்து. குழுப் பெயருக்குப் பதிலாக, எழுதியவரைக் குறிக்கும் போஸ்டர் என்ற சொல்லை இட்டால் பதில்கள் தனி மின்னஞ்சலாக வந்து சேரும். அவ்வாறு பதில்களைப் பெற்றவர் அவற்றைத் தொகுத்துப் பின்னர் குழுவில் இடுவது வழக்கம். இவ்வழக்கம் பெரிதும் மதிக்கப்பட்டது.

பதில்களைத் திருப்பிவிடுபவர் அதைச் செய்தியின் உடலிலும் ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். தலைப்புவரிகளை எல்லோரும் பார்ப்பதில்லை. தாம் எழுதிய பதில் தாம் படிக்கும் குழுவில் தோன்றாமல், தாம் என்றுமே நுழையாத குழுவில் போய் விழுந்ததைக் கண்டவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். சிலர் இதையே குறும்பாகப் பயன்படுத்தினர். பதில்கள் சோதனைக் குழுக்களுக்குச் செல்லுமாறு அமைத்துவிட்டால், அக்குழுக்களைக் கண்காணிக்கும் தானியங்கி நிரல்கள், விவரம் அறியாமல் பதிலெழுதியவரின் அஞ்சற்பெட்டியை ஒப்புகை மடல்களால் நிரப்பிவிடும். டிஇ என்று தொடங்கும் செருமானிய மொழிக் குழுக்களில் இந்நெறி மிகக் கண்டிப்பானது. பதில்களை ஒரு குழுவுக்குத் திருப்பாத குறுக்கு இடுகை அங்கே அநாகரிகமாகக் கருதப்படும்.

மட்டுறுத்தப்படும் குழுக்களைப் பிற குழுக்களுடன் கலப்பதில் தனியான இடர் ஒன்று உண்டு. பட்டியலில் ஒரு குழு மட்டுறுத்தப்படுவதாக இருந்தாலும், செய்தி முதலில் அதன் மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாகச் செல்லும். அவர் ஏற்கும் வரை எந்தக் குழுவிலும் அது தோன்றாது. இதை அறியாதவர் செய்தி தொலைந்துவிட்டதென எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்புவார்.

பதிலெழுதுவோர் பொறுப்பு

நெறிகள் முதலில் இடுபவருக்கு மட்டும் உரியவை அல்ல. குறுக்கு இடுகைக்குப் பதிலெழுதுபவர் குழுப்பட்டியலைப் பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தம் குழுவின் நண்பர்களிடையே வேடிக்கையாகச் சொல்லும் ஒன்று, அந்தப் பேச்சுவழக்கு அறியாத மற்றொரு குழுவில் வசையாகப் படிக்கப்படலாம். தம் பதில் ஒரு குழுவுக்கே பொருந்துமாயின் மற்றப் பெயர்களை நீக்கிவிடுவதும், நீக்கியதைக் குறிப்பிடுவதும் முறை.

இதைப் பலர் மறந்ததால் மூண்ட சண்டைகள் ஏராளம். பிறர் சினத்தைத் தூண்டவென்றே எழுதுவோருக்குக் குறுக்கு இடுகை எளிதான கருவியாக அமைந்தது. மக்கின்டாசு ஆதரவாளர் குழு, விண்டோசு ஆதரவாளர் குழு, லினக்சு ஆதரவாளர் குழு ஆகிய மூன்றுக்கும் ஒரு கூர்மையான வரியை இட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும். எஞ்சியதை அக்குழுவினரே பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டில் நுழைந்த அயலாருக்குப் பதில் சொல்வதாகவே எண்ணுவர். உண்மையில் அனைவரும் ஒரே நேரத்தில் மற்ற வீடுகளில் நின்று கூச்சலிட்டுக் கொண்டிருப்பர். தூண்டியவருக்குப் பதில் தராதிருப்பதும், தரத்தான் வேண்டுமெனில் குழுப்பட்டியலைக் குறைப்பதுமே இதற்கு அனுபவசாலிகள் கண்ட மருந்து.

தமிழருடன் தொடர்புடைய யூஸ்நெட் குழுவான சாக்.கல்ச்சர்.தமிழ் இதே சூழலில்தான் இயங்கியது. அதன் பொருள் இயல்பாகவே சாக்.கல்ச்சர்.இந்தியன், சாக்.கல்ச்சர்.ஸ்ரீலங்கா ஆகிய குழுக்களின் பொருளோடு கலந்திருந்தது. இலங்கைப் போரைப் பற்றிய ஒரு செய்தி மூன்று குழுக்களுக்கும் உரியதுதான். ஆனால் மூன்றின் வாசகர்களும் மூன்று வேறு நிலைப்பாடுகளிலிருந்து படிப்பவர்கள். தொடர்பு உள்ளதா என்ற கேள்வியோடு, இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பேசுவது உரையாடலாக அமையுமா என்பதையும் கருத வேண்டியுள்ளது.

எரிதமும் பிரைட்பார்ட் சுட்டெண்ணும்

1994 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநில வழக்கறிஞர்களான லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் இணையர், அமெரிக்க நிரந்தர வதிவிட உரிமைச் சீட்டான பச்சை அட்டைக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாகக் கூறும் விளம்பரத்தை 5,500க்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் ஒரு நிரலின் துணையோடு இட்டனர். அது குறுக்கு இடுகை அன்று. குழுவுக்கு ஒன்றாக இடப்பட்ட தனித்தனி இடுகை. இருபது குழுக்களைப் படிப்பவர் இருபது முறை அதைக் கண்டார். வந்து குவிந்த எதிர்ப்பு மடல்களின் சுமையால் அவர்களது இணையச் சேவை வழங்குநரின் வழங்கி மீண்டும் மீண்டும் செயலிழந்தது. கணக்கும் முடக்கப்பட்டது.

இந்நிகழ்வின்போது எழுந்த சினம் விளம்பரத்தின் மீது மட்டும் எழுந்ததாகப் பலர் எழுதுகின்றனர். யூஸ்நெட்டின் வரையறை வேறு. அங்கே எரிதம் எனப்பட்டது உள்ளடக்கத்தைக் கொண்டன்று, எண்ணிக்கையைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. வணிக விளம்பரமாயினும், சமய அறிவிப்பாயினும், நற்பணிக்கான வேண்டுகோளாயினும் அளவை மீறினால் எரிதமே. எந்தக் கருத்தை நீக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை யாருக்கும் தராமல் நெரிசலைக் கட்டுப்படுத்த இது வழிவகுத்தது.

அளவை எவ்வாறு கணிப்பது என்பதற்குச் செத் பிரைட்பார்ட் என்பவரின் பெயரால் வழங்கும் சுட்டெண் பயன்பட்டது. செய்தியின் ஒவ்வொரு படியும் எத்தனை குழுக்களுக்குச் சென்றது என்று கண்டு, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாப் படிகளுக்கும் கூட்டினால் சுட்டெண் கிடைக்கும். ஒரே செய்தியை 100 குழுக்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒரே குறுக்கு இடுகையாக அனுப்பினால் 100 இன் வர்க்கமூலம் 10. இடுகைக்கு 25 குழுக்கள் வீதம் நான்கு இடுகைகளாக அனுப்பினால் நான்கு ஐந்துகள், அதாவது 20. நூறு தனித்தனி இடுகைகளாக அனுப்பினால் 100. சென்ற குழுக்கள் அதே நூறுதான். சுட்டெண் பத்து மடங்கு வேறுபடுகிறது. குறுக்கு இடுகை வட்டிலும் வாசகர் நேரத்திலும் செய்யும் சிக்கனம் வர்க்கமூலத்தின் வழியே கணக்கில் சேர்க்கப்படுவது இச்சுட்டெண்ணின் அழகு. 45 நாட்களுக்குள் சுட்டெண் 20 ஐ எட்டிய செய்திகளை நீக்கற்கட்டளை அனுப்பி அழிக்கலாம் என்பது தன்னார்வலர்களிடையே ஏற்கப்பட்ட எல்லையாக இருந்தது.

மடற்குழுக்களில் தலைகீழாகும் நெறி

மின்னஞ்சல் மடற்குழுக்களில் வட்டிணைப்பும் இல்லை. எக்ஸ்ரெஃப் வரியும் இல்லை. ஒரே மடலை மூன்று குழு முகவரிகளுக்கு அனுப்பினால், மூன்றிலும் உறுப்பினராக உள்ளவருக்கு மூன்று படிகள் வரலாம். அத்தோடு, பல குழுக்கள் உறுப்பினர் மடலை மட்டுமே ஏற்பவை. மூன்று முகவரிகளுக்கும் பதிலளிப்பவர் ஒரு குழுவில் மட்டும் உறுப்பினராக இருந்தால், மற்ற இரண்டிலிருந்தும் அவரது மடல் திரும்பி வரும். அங்குள்ளோர் உரையாடலின் பாதியை மட்டும் படிப்பர். எனவே யூஸ்நெட்டில் கண்டிக்கப்பட்ட தனித்தனி இடுகையே இங்குப் பல வேளைகளில் பொறுப்பான வழியாகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் தனி மடல் அனுப்பி, கலந்துரையாடல் எந்தக் குழுவில் நடைபெறும் என்பதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து 1995 அக்டோபரில் வெளிவந்த இணைய நன்னடத்தை வழிகாட்டியான ஆர்.எஃப்.சி. 1855, நெருங்கிய தொடர்புடைய மடற்குழுக்களுக்கு ஒரே மடலை அனுப்புவோர் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறது. கல்வித்துறை மாநாட்டு அறிவிப்புகளின் முதல் வரியில் இன்றும் காணப்படும் "குறுக்கு இடுகைக்கு மன்னிக்கவும்" என்ற வேண்டுகோள் இவ்வழக்கத்தைச் சார்ந்தது. அது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. வேறு எந்தெந்தக் குழுக்களுக்கு மடல் சென்றது என்ற குறிப்பே வாசகருக்குக் கூடுதல் பயன் தரும். அதை எழுதுவோர் குறைவு.

இதற்கு விலக்கும் உண்டு. லினக்சு கருநிரலை உருவாக்குவோர் ஒரு திருத்தத்தை அனுப்பும்போது, அப்பகுதியின் பொறுப்பாளர்கள், அதற்குரிய மடற்குழு, பொது மடற்குழு ஆகிய அனைவருக்கும் ஒரே மடலாக அனுப்ப வேண்டும். யார் யாருக்கு அனுப்புவது என்று கூறுவதற்கே கருநிரலுடன் ஒரு சிறு நிரல் வழங்கப்படுகிறது. பதிலளிப்பவர் பெறுநர் எவரையும் நீக்கக்கூடாது என்பது அங்குள்ள மரபு. அக்குழுக்களுட் பெரும்பாலானவை உறுப்பினர் அல்லாதோரின் மடலையும் ஏற்பதால் இது இயல்கிறது.

2000களில் தமிழர் பலர் கூடிய யாகூ குழுக்களில் உறுப்பினர் வட்டம் பெரிதும் ஒன்றின்மீது ஒன்று படிந்திருந்தது. ஒரு கவிதையையோ நூல் வெளியீட்டு அறிவிப்பையோ நான்கு குழுக்களில் இடுபவர், பெரும்பாலும் அதே வாசகரை நான்கு முறை அடைந்தார். யாகூ குழுக்கள் 2020 திசம்பர் 15 அன்று மூடப்பட்டன.

பிற்காலத் தளங்கள்

கேள்வி பதில் தளமான ஸ்டாக் எக்ஸ்சேஞ்சு குடும்பத்தில் ஒரே கேள்வியைப் பல தளங்களில் இடுவது ஏற்கப்படுவதில்லை. மிகப் பொருத்தமான ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்வு தவறாயின் கேள்வியை உரிய தளத்துக்கு மாற்றும் வசதி உண்டு. மற்ற மன்றங்களில், ஒரே கேள்வியை வேறிடத்திலும் கேட்டிருந்தால் அதன் இணைப்பைத் தருவதும், விடை கிடைத்ததும் இரு இடங்களிலும் தெரிவிப்பதும் எதிர்பார்க்கப்படுகிறது. ரெடிட் தளத்தில் கிராஸ்போஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு வசதி உள்ளது. அது மூல இடுகையைச் சுட்டிக்காட்டினாலும் பின்னூட்டங்களை ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகவே வைக்கிறது. பெயர் யூஸ்நெட்டினுடையது; நடப்பு தனித்தனி இடுகைக்கே நெருக்கமானது.

வாட்சப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் 2018 இலும் உலகளவில் 2019 சனவரியிலும் வரம்பு விதிக்கப்பட்டது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் இவ்வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. பிரைட்பார்ட் சுட்டெண்ணைப் போலவே இதுவும் உள்ளடக்கத்தைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது. ஆனால் எல்லையை வகுத்தது பயனர்கள் அல்லர், நிறுவனம்.

கூகுள் குழுக்கள் 2024 பெப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டில் புதிய செய்திகளை இடும் வசதியை நிறுத்திக்கொண்டது. எஞ்சியுள்ள யூஸ்நெட் வழங்கிகள் தொடர்ந்து இயங்குகின்றன. அவற்றுட் பல, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட குழுக்களின் பெயரைத் தாங்கிவரும் செய்திகளை ஏற்காமல் திருப்பி அனுப்புகின்றன.